பிரெஞ்சு சப்ஜங்டிவைக் காதால் பிடிப்பது

பிரெஞ்சில் "இல் தி கெ து வியான்" என்றால், நீ வருகிறாய் என்று அவர் சொல்கிறார். "இல் தி கெ து வியென்" என்றால், அவர் உன்னை வரச் சொல்கிறார். முதலாவது செய்தி, இரண்டாவது கட்டளை. வித்தியாசம் கடைசி ஒலியில் மட்டும்தான்: வியான் மூக்கிலேயே கரைந்துவிடும், வியென் என்னும்போது நாக்கு பல்லைத் தொட்டு 'ன்' தெளிவாகக் கேட்கும். இந்த இரண்டாவது வடிவத்துக்குத்தான் சப்ஜங்டிவ் என்று பெயர், பிரெஞ்சுக்காரர்கள் வாயில் சுப்ஜோங்க்திஃப். (இன்றைய பேச்சில் இதே கட்டளையை "இல் தெ தி தெ வெனீர்" என்று சொல்வதுதான் அதிகம். ஆனாலும் மேலே உள்ள ஜோடியில் விஷயம் பளிச்சென்று தெரிவதால் அதை எடுத்தேன்.)

பிரெஞ்சுச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில், காதில் விழுகிற மாதிரி எழுதுகிறேன். முழுத் துல்லியம் வராது. பிரெஞ்சின் மூக்கொலிகளுக்கும் உதட்டைக் குவித்துச் சொல்லும் உயிரொலிகளுக்கும் நம் எழுத்தில் இடமில்லை, ஏற்கெனவே கொஞ்சம் பிரெஞ்சு கேட்டுப் பழகியவர்கள் சரிசெய்து படித்துக்கொள்ளுங்கள். ஆனால் சப்ஜங்டிவ் விஷயத்தில் இப்படி எழுதுவதில் ஒரு லாபம் இருக்கிறது. புத்தகத்தில் பார்த்தால் ஆறு ஆறாக அடுக்கிய அட்டவணைகள் மிரட்டும், காதில் கேட்டால் அவற்றில் பாதிக்கு மேல் ஒரே ஒலி. அதனால் நான் சொல்வது, காதிலிருந்து ஆரம்பியுங்கள், எழுத்துக்கூட்டல் பின்னாலேயே வரும்.

முதலில், இது எதற்கு? நிறைய இடங்களில் சொல்லிக்கொடுப்பது, "சந்தேகம் இருந்தால் சப்ஜங்டிவ், நிச்சயம் இருந்தால் இண்டிகேட்டிவ்" என்பது. (இண்டிகேட்டிவ் என்றால் மேலே பார்த்த 'வியான்' மாதிரியான சாதாரண வினைவடிவம்.) இதைப் பிடித்துக்கொண்டு போனால் சீக்கிரமே முட்டிக்கொள்வீர்கள். "ஜெ ஸுயி கோன்தான் கெ து ஸ்வா லா", நீ இங்கே இருப்பது எனக்குச் சந்தோஷம். ஆள் எதிரிலேயே நிற்கிறார், இதில் என்ன சந்தேகம்? ஆனாலும் 'ஸ்வா' என்பது சப்ஜங்டிவ். மாறாக "பெதெத்ர் கில் ஏ மாலாத்" என்றால், அவனுக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ. முழுக்க முழுக்கச் சந்தேகம், ஆனால் 'ஏ' என்பது சாதாரண நிகழ்கால இண்டிகேட்டிவ். "ஜெ க்ர்வா கெ" என்று 'நான் நம்புகிறேன், எனக்கு அப்படித்தான் படுகிறது' எனத் தொடங்கும் வாக்கியத்திலும் இண்டிகேட்டிவ்தான் வரும்.

ஆக, எவ்வளவு நிச்சயம் என்பதை அளந்து பயனில்லை. வேறொரு கேள்வி கேட்க வேண்டும்: 'கெ'வுக்குப் (நம்முடைய 'என்று' மாதிரி இணைக்கும் சொல்) பின்னால் வரும் பகுதியை நான் எதிராளிக்கு ஒரு தகவலாகத் தருகிறேனா, இல்லையா? தெரியும், நினைக்கிறேன், பார்த்தேன், கேள்விப்பட்டேன், நிச்சயம், அவர் சொன்னார் என்று வாக்கியம் தொடங்கினால், அடுத்து வருவது ஒரு தகவல். பலவீனமான தகவலாக இருக்கலாம், பொய்யாகவும்கூட இருக்கலாம், ஆனால் 'இது இப்படி' என்று முன்வைக்கிறீர்கள். அங்கே இண்டிகேட்டிவ். வேண்டும், அவசியம், சந்தோஷம், பயம், வருத்தம், ஆச்சரியம், நடக்கலாம், நடக்கவே முடியாது என்று தொடங்கினால் அடுத்து வருவதை நீங்கள் தகவலாகச் சொல்லவில்லை. அதை ஆசைப்படுகிறீர்கள், அதற்கு வருந்துகிறீர்கள், அதைப் பற்றி உங்கள் மனம் என்ன நினைக்கிறது என்றுதான் சொல்கிறீர்கள். அங்கே சப்ஜங்டிவ். நீ இங்கே இருக்கிறாய் என்பதை உன்னிடமே நான் தகவலாகச் சொல்லத் தேவையில்லையே. என் சந்தோஷம்தான் அந்த வாக்கியத்தின் சேதி.

இதை நன்றாகப் பார்க்க 'கோம்ப்ரான்த்ர்' என்ற வினையை எடுத்துக்கொள்ளலாம், புரிந்துகொள்வது. "ஜெ கோம்ப்ரான் கெ து பார்" என்றால், பெட்டி படுக்கை எல்லாம் கட்டியிருப்பதைப் பார்த்து, ஓ, நீ கிளம்புகிறாய் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. "ஜெ கோம்ப்ரான் கெ து பார்த்" என்றால், நீ கிளம்புவது நியாயம்தான், உன் நிலைமையில் இருந்தால் யாருமே கிளம்புவார்கள். 'பார்' என்ற ஒலிக்குப் பின்னால் ஒரு 'த்' சேர்ந்ததும் கண்டுபிடிப்பு அனுதாபமாகிவிட்டது. பேச்சில் அடிக்கடி கேட்கும் "ஜெ கோம்ப்ரான் கெ து ஸ்வா ஃபாஷே" என்பதும் இந்த இரண்டாவது வகை: உனக்குக் கோபம் வருவது எனக்குப் புரிகிறது. நீ கோபமாக இருக்கிறாய் என்று துப்பறிந்து சொல்வது அல்ல அது, உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு, அதை ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை என்று எனக்கு ஆதங்கம். நம்மில் பலர் பிரெஞ்சை ஆங்கிலம் வழியாகப் படிக்கிறோம். ஆங்கிலத்தில் சப்ஜங்டிவ் கிட்டத்தட்ட மறைந்துபோய் ஒன்றிரண்டு தொடர்களில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் ஆங்கிலத்தில் எழுதிய இலக்கணப் புத்தகங்கள் இதை ஏதோ விசித்திரப் பிராணியைக் காட்டுவதுபோல் அறிமுகம் செய்கின்றன. நமக்கு அப்படி இல்லை. பள்ளியில் வியங்கோள் வினைமுற்று படித்திருக்கிறோம்: வாழ்க, வருக, வெல்க. தினசரிப் பேச்சில் 'அட்டும்' இருக்கிறது: அவன் வரட்டும், மழை பெய்யட்டும். 'அவன் வரட்டும்' என்பதைப் பிரெஞ்சில் சொல்லிப் பாருங்கள்: "கில் வியென்!" முன்னால் எந்த வாக்கியமும் இல்லாமல் 'கெ'வோடு தனியாக நிற்கும் சப்ஜங்டிவ் அது. 'சரி, ஆகட்டும்' என்று நாம் இழுப்பதற்கு அவர்கள் சொல்வது "ஸ்வாத்", அதுவும் 'இருப்பது' என்னும் வினையின் சப்ஜங்டிவ் வடிவம்தான், கடைசியில் 'த்' ஒலியை அழுத்திச் சொல்வார்கள்.

வியங்கோளுக்கு இன்னும் நேரான உதாரணம், "வீவ் லா ஃப்ரான்ஸ்". பிரெஞ்சு ஜனாதிபதிகள் உரையை முடிக்கும்போது வழக்கமாகச் சொல்வது. 'வீவ்' என்பது வாழ்தல் என்ற வினையின் சப்ஜங்டிவ், அப்படியே நம்முடைய 'வாழ்க'. 1967 ஜூலை 24 அன்று மான்ட்ரியல் நகர மன்றக் கட்டடத்தின் பால்கனியில் நின்று அன்றைய பிரெஞ்சு ஜனாதிபதி ஜெனரல் தெ கோல் "வீவ் லெ கெபெக் லீப்ர்" என்றார், சுதந்திர கெபெக் வாழ்க. (கெபெக் என்பது கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணம்.) கனடிய அரசு கடுமையாகக் கண்டித்தது, தெ கோல் ஒட்டாவா போகாமலேயே ஊர் திரும்பினார். கெபெக் சுதந்திரமாக இருக்கிறது என்று அவர் எந்தத் தகவலும் சொல்லவில்லை, 'வாழ்க' என்றார், அவ்வளவுதான். அந்த ஒரு 'வீவ்' போதுமாக இருந்தது.

கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு வழி. தமிழில் 'உமது ஆட்சி வருக' என்று செபிக்கிறோமே, அதே வரி பிரெஞ்சில் "கெ தோன் ரேஞ் வியென்". நம்முடைய 'வருக' நிற்கும் இடத்தில் அவர்களுடைய 'வியென்' நிற்கிறது. அந்தச் செபத்தை இரண்டு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், எந்த அட்டவணையையும்விட நன்றாக மனதில் பதியும்.

ஆனால் வியங்கோளையும் சப்ஜங்டிவையும் ஒன்றென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வியங்கோள் சின்ன வீடு, சப்ஜங்டிவ் தெரு முழுக்கப் பரவியது. நமக்கு வேறு வேறு உருவங்களில் இருப்பவை, 'நீ வரணும்', 'நீ வருவது', 'நீ வருவதற்கு முன்', 'நீ வந்தாலும்', 'நீ வராமல்', எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரே ஒரு வடிவம்.

இவற்றில் 'ணும்'தான் உங்கள் முதல் சாவி. ஆங்கிலத்தில் யோசித்து, நான் உன்னை வர வேண்டுகிறேன் என்கிற மாதிரி பிரெஞ்சில் கட்டப் போனால் வாக்கியம் உடைந்துவிடும், "ஜெ தெ வொ வெனீர்" என்பது பிரெஞ்சே அல்ல. தமிழில் 'நீ வரணும்னு நான் ஆசைப்படுகிறேன்' என்கிறோம். 'நீ' எழுவாயாக நிற்கிறது, 'என்று' இரண்டையும் கட்டுகிறது. பிரெஞ்சும் அதேதான், 'என்று' இருக்கும் வேலைக்கு 'கெ' இருக்கிறது, இடம் மட்டும் முன்னால்: "ஜெ வொ கெ து வியென்." ஒரே ஒரு இடத்தில் தமிழ் காலை வாரும். 'நீ வரணும்னு நினைக்கிறேன்' என்று நாம் விருப்பத்தையும் நினைப்பாகச் சொல்வோம். அதில் 'நினைக்கிறேன்' என்பதைப் பிடித்துக்கொண்டு "ஜெ பான்ஸ் கெ து வியான்" என்று போனால் 'நீ வருகிறாய் என்று நினைக்கிறேன்' என்றாகிவிடும். எனவே 'நினைக்கிறேன்' என்பதை விடுங்கள், 'ணும்' இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் சப்ஜங்டிவ்.

இரண்டு பகுதிக்கும் ஒரே ஆள் எழுவாய் என்றால் சப்ஜங்டிவே வேண்டாம். நான் கிளம்ப ஆசைப்படுகிறேன்: "ஜெ வொ பார்த்தீர்." நான் கிளம்பணும்னு நான் ஆசைப்படுகிறேன் என்று தமிழிலும் இரண்டு 'நான்' போட்டுச் சொல்ல மாட்டோம் இல்லையா, அதேதான். தூங்குவதற்கு முன் நான் படிப்பேன் என்பதிலும் ஒரே ஆள், "ஆவான் தெ தோர்மீர்" போதும். வேறு ஆள் வந்தால்தான் "ஆவான் கெ".

சரி, வடிவத்துக்கு வருவோம். காதால் ஒரே ஒரு விதி போதும். 'அவர்கள்' என்பதற்கான நிகழ்கால வடிவத்தைச் சொல்லிப் பாருங்கள், அந்த ஒலியை அப்படியே தூக்கி நான், நீ, அவன், அவர்கள் நான்குக்கும் வைத்துவிடுங்கள். அவன் கிளம்புகிறான் 'இல் பார்', அவர்கள் கிளம்புகிறார்கள் 'இல் பார்த்'. எனவே கெ ஜெ பார்த், கெ து பார்த், கில் பார்த், பன்மையிலும் கில் பார்த். ஒருமையில் விழுங்கப்பட்ட மெய்யொலி பன்மையில் வெளியே வருகிறது, சப்ஜங்டிவ் அந்த மெய்யை இரவல் வாங்கிக்கொள்கிறது. தூங்குவது: தோர், தோர்ம். சொல்வது: தி, தீஸ். எழுதுவது: எக்ரி, எக்ரீவ். வைப்பது: மே, மெத். முடிப்பது: ஃபினி, ஃபினிஸ். காத்திருப்பது: ஆதான், ஆதான்த். எடுப்பது: ப்ரான், ப்ரென். குடிப்பது: ப்வா, ப்வாவ். ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவது ஒலியில் வாய் ஒரு மெய்யில் போய் நிற்கும். இதை நாலு நாள் உரக்கச் சொன்னால், பிறர் பேசும்போது சப்ஜங்டிவ் வருகிற இடம் தானாகவே காதில் தட்டும்.

பேசுவது, சாப்பிடுவது, பார்ப்பது மாதிரி ஏ ஒலியில் முடியும் முதல் வகை வினைகளுக்கு இந்தத் தொல்லையும் இல்லை. 'இல் பார்ல்' ஒருமையும் பன்மையும் ஒரே ஒலி, ஆகவே சப்ஜங்டிவும் அதே 'பார்ல்'. பிரெஞ்சின் மிகப் பெரிய வினைக்கூட்டம் இதுதான். இவற்றைச் சொல்லும்போது உங்களுக்குத் தெரியாமலேயே சரியாகச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

'நாம்', 'நீங்கள்' இரண்டுக்கும் இயோன், இயே என்ற முடிவுகள்: நூ பார்லியோன், வூ பார்லியே. இறந்தகாலத்தின் ஆம்பார்ஃபே வடிவமும் இதுவே, ஏற்கெனவே அது தெரிந்தவர்கள் புதிதாக ஒன்றும் படிக்க வேண்டாம். வருவது, எடுப்பது, குடிப்பது போன்ற வினைகளில் இந்த இரண்டு இடத்தில் மட்டும் வேர் மாறும்: வியென் என்பது வெனியே ஆகும், ப்ரென் என்பது ப்ரெனியே, ப்வாவ் என்பது ப்யுவியே. பேச்சில் 'நூ'வுக்குப் பதில் 'ஓன்' என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள், அது 'அவன்' வடிவத்தையே எடுத்துக்கொள்ளும், அதனால் 'வூ'வை மட்டும் நன்றாகப் பழகினால் போதும்.

அப்புறம் முரட்டு வினைகள். இவற்றுக்கு விதி கிடையாது, மனப்பாடம்தான், ஆனால் ஏழெட்டுதான். இருப்பதற்கு ஸ்வா, 'வூ' என்றால் ஸ்வாயே. வைத்திருப்பதற்கு ஏ, 'வூ' என்றால் ஏயே. செய்வதற்கு ஃபாஸ், போவதற்கு ஆய், தெரிவதற்கு சாஷ், முடிவதற்கு ப்யுயிஸ், விரும்புவதற்கு வெய். தனித்தனியாக நெட்டுரு போடாமல் தினமும் கேட்கிற வாக்கியத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். விருந்துக்குப் போன இடத்தில் நேரமாகிவிட்டது, எழுந்து கிளம்ப வேண்டும், என்ன சொல்வார்கள்? "போன், இல் ஃபோ கெ ஜி ஆய்." சரி, நான் கிளம்பணும். கடைக்குப் போக வேண்டியிருந்தால் "இல் ஃபோ கெ ஜெ ஃபாஸ் லே கூர்ஸ்." நண்பர் வர முடியாதென்று செய்தி அனுப்பினால் "ஸே தோமாஜ் கெ து நெ ப்யுயிஸ் பா வெனீர்", நீ வர முடியாமல் போனது வருத்தம்தான். குழந்தையிடம் 'சமத்தா இரு' என்பதற்கு "ஸ்வா ஸாஜ்", பயப்படாதே என்பதற்கு "நே பா பெர்". கடைசி இரண்டும் ஏவல் வாக்கியங்கள், ஆனால் இருப்பது, வைத்திருப்பது, தெரிவது ஆகிய மூன்று வினைகளும் ஏவலுக்கு சப்ஜங்டிவிடமே கடன் வாங்குகின்றன. போனில் காத்திருக்கச் சொல்லும் பதிவுக் குரல் "வெயே பாஸியான்தே" என்கிறதே, அந்த 'வெயே'யும் 'வெய்' குடும்பம்தான்.

"இல் ஃபோ கெ" என்ற தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. 'வேண்டும், ஆகணும்' என்று அர்த்தம், சப்ஜங்டிவ் கேட்கும் தொடர்களில் அன்றாட வாழ்க்கையில் அதிகம் காதில் விழுவது இதுதான். பிரான்சில் எந்த அலுவலகக் கவுன்டரில் நின்றாலும் இது வரும்: "இல் ஃபோ கெ வூ ப்ரெனியே ரான்தேவூ", நீங்கள் முதலில் நேரம் பதிவு செய்யணும். "இல் ஃபோ கெ வூ ரான்ப்லிஸியே செ ஃபோர்முலேர்", இந்தப் படிவத்தை நிரப்பணும். பாரிஸ் லா ஷாப்பேல் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2024 ஜனவரி 26 தேதியிட்ட குடிவரவுச் சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் பேச்சிலும் எழுத்திலும் பி2 நிலையைக் (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் நான்காவது படி) காட்ட வேண்டும், அதற்கு முன்பு அதற்கு ஒரு படி கீழான பி1 போதுமாக இருந்தது. சப்ஜங்டிவ் பொதுவாக பி1 வகுப்பில் அறிமுகமாகும், பி2 தேர்வில் ஒரு கருத்தை வாதாடும்போது அது இல்லாமல் சமாளிப்பது கஷ்டம். ஆகவே முதல் கொஞ்ச நாளுக்கு "இல் ஃபோ கெ" ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, காலையில் செய்ய வேண்டிய வேலைகளை எல்லாம் அதில் போட்டுச் சொல்லிப் பாருங்கள். மற்ற தொடர்கள் எல்லாம் அதே வடிவத்தைத்தான் கேட்கும், புதிதாக எதுவும் சேராது.

கருத்துச் சொல்லும் வினைகளில் ஒரு அழகு இருக்கிறது. "ஜெ பான்ஸ் கெ ஸே வ்ரே", அது உண்மை என்று நினைக்கிறேன். தகவலாக முன்வைக்கிறேன், இண்டிகேட்டிவ். எதிர்மறையாக்குங்கள்: "ஜெ நெ பான்ஸ் பா கெ செ ஸ்வா வ்ரே." அது உண்மை என்ற கூற்றை இப்போது நான் முன்வைக்கவில்லை, தள்ளிவைக்கிறேன், உடனே 'ஸ்வா' வந்துவிட்டது. முன்னே சொன்ன கேள்வியை இங்கேயும் கேட்டால் பதில் தானாகக் கிடைக்கும்.

எல்லா இடத்திலும் அப்படிக் கிடைக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். நம்புகிறேன், எதிர்பார்க்கிறேன் என்னும் "ஜெஸ்பேர் கெ" ஆசையைத்தானே சொல்கிறது, சப்ஜங்டிவ் வர வேண்டாமா? வராது. "ஜெஸ்பேர் கெ து வா பியான்", நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், இண்டிகேட்டிவ். ஸ்பானிஷ், இத்தாலியன் படித்தவர்கள் இங்கே நிச்சயம் தடுமாறுவார்கள், அந்த மொழிகளில் சப்ஜங்டிவ் வரும். நடக்கலாம் என்னும் "இல் ஏ போஸிப்ல் கெ" சப்ஜங்டிவ் கேட்கும், அநேகமாக நடக்கும் என்னும் "இல் ஏ ப்ரோபாப்ல் கெ" கேட்காது. 'இருந்தாலும்' என்ற பொருளில் வரும் "பியான் கெ" உறுதியான உண்மையைச் சொன்னாலும் சப்ஜங்டிவ்தான் கேட்கும்: "பியான் கில் ஸ்வா மாலாத்", அவனுக்கு உடம்பு சரியில்லாவிட்டாலும். இவற்றுக்குக் காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாமல் அப்படியே மனப்பாடம் செய்வது மேல்.

இணைப்புச் சொற்களில் மற்றவை எளிது. அதற்காக என்னும் "பூர் கெ", முன்பு என்னும் "ஆவான் கெ", இல்லாமல் என்னும் "ஸான் கெ", வரைக்கும் என்னும் "ஜுஸ்கா செ கெ", நிபந்தனை போடும் "ஆ கோந்திஸியோன் கெ", எல்லாம் சப்ஜங்டிவ். ஏனென்றால் என்னும் "பார்ஸ் கெ", அதே நேரத்தில் என்னும் "பான்தான் கெ" இரண்டும் நடந்ததைச் சொல்பவை, எனவே இண்டிகேட்டிவ். பின்பு என்னும் "ஆப்ரே கெ"வும் இதே காரணத்தால் இண்டிகேட்டிவ் என்பதுதான் பிரெஞ்சு மொழிக் கழகமான அகாதெமி ஃப்ரான்ஸேஸின் நிலை. ஆனால் பிரெஞ்சுக்காரர்களே "ஆவான் கெ"வைப் பார்த்துப் பழகி இதற்கும் சப்ஜங்டிவ் போடுகிறார்கள், செய்தி வாசிப்பவர்கள்கூட. காதில் விழுந்தால் குழம்பாதீர்கள். தேர்வுத்தாளில் இண்டிகேட்டிவே எழுதுங்கள்.

இன்னொரு குழப்பம், திடீரென்று முளைக்கும் ஒரு 'நெ'. "ஜே பெர் கில் நெ வியென்" என்று யாராவது சொன்னால், அவன் வரமாட்டான் என்று பயம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவன் வந்துவிடுவானோ என்றுதான் பயம். இந்த 'நெ' எதிர்மறை அல்ல, பயத்தைச் சொல்லும் இடத்திலும் "ஆவான் கெ"வுக்குப் பின்னாலும் கொஞ்சம் நேர்த்தியான பேச்சில் ஒட்டிக்கொள்ளும். இல்லாமல் சொன்னாலும் சரியே. வரமாட்டான் என்று பயந்தால் 'பா'வும் சேர்ந்து "கில் நெ வியென் பா" என்று வரும்.

தமிழ் துணைக்கு வராத இடம் ஒன்று உண்டு, எனக்கு இந்த இலக்கணத்திலேயே மிகவும் பிடித்ததும் அதுதான். "ஜே அன் அபார்த்மான் கி ஆ அன் பால்கோன்", என்னிடம் பால்கனி இருக்கிற வீடு இருக்கிறது. "ஜெ ஷேர்ஷ் அன் அபார்த்மான் கி ஏ அன் பால்கோன்", பால்கனி இருக்கிற வீடு தேடுகிறேன். தமிழில் இரண்டிலும் 'இருக்கிற'தான். பிரெஞ்சில் முதலாவது வீடு உண்மையில் நிற்கிறது, 'ஆ'. இரண்டாவது வீடு இன்னும் என் தலைக்குள் மட்டும் இருக்கிறது, அப்படி ஒன்று கிடைக்குமா என்பதே தெரியாது, 'ஏ'. தேடுகிறேன், வேண்டும், யாராவது இருக்கிறார்களா, யாருமே இல்லை என்று வரும் வாக்கியங்களில் எல்லாம் இதைக் கவனியுங்கள். தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா என்று விசாரிக்கும்போது "கெல்கான் கி சாஷ் தாமூல்" என்று கேட்பார்கள், அந்த ஆள் கிடைத்த பிறகு "கெல்கான் கி ஸே தாமூல்" ஆகிவிடுவார்.

காலங்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். எதிர்காலத்துக்குத் தனி சப்ஜங்டிவ் கிடையாது, நாளைக்கு வரணும் என்றாலும் "இல் ஃபோ கெ து வியென் தெமான்". முடிந்துபோன காரியம் என்றால் துணைவினையை சப்ஜங்டிவாக்கி விடுங்கள், அவ்வளவே: "ஜெ ஸுயி கோன்தான் கெ து ஸ்வா வெனு", நீ வந்தது சந்தோஷம். "ஜே பெர் கில் ஏ ஊப்லியே", அவன் மறந்துவிட்டானோ என்று பயமாக இருக்கிறது.

பழைய நாவல்களைத் திறந்தால் இன்னொரு சப்ஜங்டிவ் எதிர்ப்படும், ஆம்பார்ஃபே சப்ஜங்டிவ்: கில் ஃப்யு, கில் வான் போன்றவை, உயிரெழுத்தின் தலையில் ஒரு கூரைக் குறியோடு எழுதியிருக்கும். பேச்சில் இது வழக்கொழிந்துவிட்டது. முதன்மை வினை இறந்தகாலத்தில் இருந்தாலும் தேர்வுகளில் நிகழ்கால சப்ஜங்டிவை ஏற்கலாம் என்று பிரெஞ்சுக் கல்வி அமைச்சகத்தின் 1976 டிசம்பர் 28 ஆணையிலேயே இருக்கிறது. படிக்கும்போது 'ஃப்யு' வந்தால் அது 'ஸ்வா', 'வான்' வந்தால் அது 'வியென்' என்று நினைத்துக்கொண்டு மேலே போகலாம்.